தராசுப் பெட்டி

என் மாமனார் முதல் பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். எங்கள் தொகுதியில் அவரோடு சேர்ந்து தோற்றவர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்களையெல்லாம் ஜனங்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். என் மாமனாரை மறக்காததற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பெண்கள் சாவடியில் வைத்திருந்த அவருடைய பெட்டி. அதைத் திறந்த அன்று எங்கள் வீட்டில் நடந்தது இந்த வயதிலும் என் கண் முன்னால் நிற்கிறது.

அதற்கு முந்தின வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. நான் காவேரிப்பட்டினத்துக்காரி. வீட்டில் தெலுங்கு பேசினாலும் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். புகுந்த ஊர் சூளகிரியைத் தாண்டி ஓசூர் போகும் வழியில், பெங்களூர் ரோட்டிலிருந்து வண்டிப் பாதையில் உள்ளே தள்ளி இருந்தது. இப்போது அந்த ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகின்றன. அப்போது அந்தப் பக்கம் ராகிக் காடும் கொள்ளுக் காடும்தான். வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா ஆபீசில் தமிழ் என்று எல்லோரும் சர்வசாதாரணமாக நாக்கை மாற்றிக்கொள்வார்கள். எனக்கு அது பழக ஆறேழு மாதம் பிடித்தது.

மாமனார் அந்த ஊர் மணியக்காரர். வரி வசூல், பிறப்பு இறப்புக் கணக்கு, அடிதடி வழக்கு எல்லாம் அவரிடம்தான் முதலில் வரும். நல்ல உயரம். குரலை உயர்த்தவே மாட்டார், உயர்த்த அவசியமும் வந்ததில்லை. என்னிடம் பிரியமாக இருந்தார். பஸ்ஸில் வரும் தமிழ்ப் பேப்பரை நான் சத்தமாக வாசிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "படிச்ச மருமக வந்திருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த வீட்டில் அவர் எனக்கு ஒரு கடுஞ்சொல் சொன்னதாக நினைவில்லை.

மாமியார் அதற்கு நேர்மாறு. என்னிடம் கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. பால், தயிர், கொட்டகை, ஆட்களுக்குக் களி என்று அவருடைய வேலைகள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மாமனார் எதிரில் அவர் பேசி நான் கேட்டதே குறைவு. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

முதல்முதலில் அவர் என்னைத் திடுக்கிட வைத்தது, ஓட்டர் பட்டியலுக்குப் பேர் எழுத ஒரு குமாஸ்தா வந்தபோது. ஊர்ப் பெண்கள் யாரும் பேர் சொல்லவில்லை. "இன்னார் பெஞ்சாதி", "இன்னார் அம்மா" என்றே சொன்னார்கள். அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்படி எழுதினா சர்க்கார் ஒத்துக்காதும்மா. சொந்தப் பேரு சொல்லணும். இல்லாட்டி ஓட்டு இல்ல."

எங்கள் வீட்டு முறை வந்தபோது, மனைவியின் பேரைச் சொல்ல மாமனார் வாயைத் திறந்தார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் தன் பேரைத் தானே சொன்னார். உரக்க, தெளிவாக. அவருக்கு ஒரு பேர் இருப்பதையே அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். மாமனார் திரும்பிக் கதவைப் பார்த்தார், பிறகு சிரித்தார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்றிருந்த பெண்கள் அதற்கப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பெரிய கட்சி தன்னைத்தான் நிறுத்தும் என்று மாமனார் நம்பியிருந்தார். கட்சியோ கிருஷ்ணகிரியில் இருந்த ஒரு வக்கீலை நிறுத்தியது. வக்கீல் எங்கள் பக்கத்து ஆள் இல்லை, எங்கள் மண்ணில் அவருக்கு ஒரு காணி நிலமும் கிடையாது. மாமனாருக்கு அது அவமானமாகப் போயிற்று. மணியத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மெட்ராஸ் சபைக்குச் சுயேச்சையாக மனுப் போட்டார். அவருக்குக் கிடைத்த சின்னம் தராசு.

"தொகுதி முழுக்க ஜெயிக்கிறோமோ இல்லியோ, நம்ம ஊருலயும் சுத்துப்பட்டு கிராமத்துலயும் இருந்து ஒரு ஓட்டு வெளிய போகாது" என்றார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஏரி நிறையும் என்று சொல்வது போலச் சொன்னார்.

அந்தத் தேர்தலில் இப்போது போல ஒரே சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. பெட்டி மேல் அவரவர் சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். கையில் கொடுக்கும் சீட்டை, மறைவுக்குள் போய், வேண்டியவர் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். படிக்காத ஜனங்களுக்கு இதைப் பழக்கும் வேலையை மாமனார் என்னிடம் கொடுத்தார்.

நான் மூன்று பிஸ்கோத்து டின்னைக் கழுவி, காகிதத்தில் படம் வரைந்து ஒட்டினேன். தராசு, வக்கீலின் சின்னம், இன்னொருவருடைய சின்னம். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கட்டிலை நிறுத்திப் போர்வை போட்டு மறைவு செய்தேன். சீட்டுக்குப் பதில் புங்க இலை. காலனிப் பெண்கள், காட்டு வேலைக்கு வருகிறவர்கள், எல்லோரும் வந்தார்கள். சிரிப்பும் கூத்துமாக இருந்தது. போர்வைக்குப் பின்னால் போய் ஒருத்தி, "அம்மா, எந்த டப்பாவுல போட்டேன்னு இங்க யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

"மணியக்காரருக்குக்கூடவா?"

"யாருக்குமே தெரியாது. அதான் சட்டம்."

அவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது சிரிக்கவும் இல்லை. அவள் எங்கள் கொட்டகையில் சாணி அள்ளி, பால் கறக்க உதவும் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். நான் டின்களைத் திறந்து பார்த்தபோது இலைகள் எல்லாம் தராசு டின்னிலேயே கிடந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாமனாரிடம் டின்னோடு கொண்டுபோய்க் காட்டினேன். "பாத்தியா?" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார். அவர் பால் குண்டானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வக்கீல் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு முறை வந்தார், அதுவும் காரிலிருந்து இறங்கவில்லை. புழுதி அடங்குவதற்குள் போய்விட்டார். மாமனார் சந்தைக்குச் சந்தை போய் மூன்று பாஷையிலும் பேசினார். எல்லோரும் கும்பிட்டார்கள். "உங்களுக்கு இல்லாம யாருக்கு சாமி?" என்றார்கள்.

ஓட்டுப் போடும் நாள் தை மாதக் குளிரில் வந்தது. பள்ளிக்கூடத்தின் ஒரு அறை ஆண்களுக்கு, இன்னொன்று பெண்களுக்கு. பெண்கள் அறையில் ஒரு கிறிஸ்தவ டீச்சர் உட்கார்ந்து விரலில் மை வைத்தார். டில்லி சபைக்கு ஒரு சீட்டு, மெட்ராஸ் சபைக்கு ஒன்று, தனித்தனி வரிசைப் பெட்டிகள். மாமியார் எனக்கு முன்னால் போனார். சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். நான் உள்ளே போய் தராசுப் பெட்டியில் என் சீட்டைப் போட்டேன். எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வீட்டில் என்னை மகளைப் போல நடத்தியவர் அவர், நான் வேறு யாருக்குப் போடுவேன்?

வெளியே வந்தால் பெண்கள் கூட்டம் நீளமாக நின்றது. நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, தேருக்குப் போகிறவர்கள் போல. கொட்டகைப் பெண்ணும் நின்றாள். என்னைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது போல, "சீட்ட மடிச்சு, முழுசா உள்ள தள்ளிடணும், இல்லம்மா?" என்றாள். "ஆமா" என்றேன்.

எண்ணிக்கைக்கு என் வீட்டுக்காரர் ஏஜெண்டாகப் போனார். ஒவ்வொரு சாவடிப் பெட்டியாகத் திறந்து எண்ணுவார்கள் என்பதால், எந்த ஊரில் யாருக்கு எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். வீட்டில் விருந்துக்கு ஏற்பாடாகியிருந்தது. மாமனாருடைய தம்பி ஓசூர் போய்ச் சம்பங்கி மாலை வாங்கி வந்திருந்தார். உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டிகூட எடுக்காமல் நடந்தே வந்திருக்கிறார், வேட்டி முழுக்கச் செம்மண். அவர் முகத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் தோல்வி என்பதற்கு மேல் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"போச்சுப்பா" என்றார்.

"போகட்டும்" என்றார் மாமனார். "டவுன் ஓட்டு அவனுக்குப் போகும்னு எனக்கே தெரியும். நம்ம ஊரு எவ்வளவு?"

என் வீட்டுக்காரர் வேட்டியிலிருந்த செம்மண்ணைத் தட்டினார்.

"கேக்கிறேன் இல்ல? நம்ம ஊருப் பெட்டி."

"ஆம்பளைங்க பெட்டியில விரல் விட்டு எண்ணிடலாம்ப்பா. நம்ம பங்காளிங்க போட்டதுதான்."

"பொம்பளைங்க பெட்டி?"

அவர் தண்ணீர் கேட்டார். நான் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார். "ஆபீசர் அரக்கு முத்திரைய ஒடச்சுத் தெறந்து கவுத்தார். ஒண்ணும் விழல. சீட்டு ஒட்டிக்கிட்டிருக்கும்னு தட்டினார், குலுக்கினார். அப்புறம் கையை உள்ள விட்டுப் பாத்தார். ஒரே ஒரு சீட்டு இருந்துச்சு. பக்கத்துல வக்கீல் பெட்டிய மூட முடியாத அளவுக்கு ரொம்பியிருந்துச்சுப்பா. மத்த ஏஜெண்டுங்கெல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

நான் காலிச் சொம்பைப் பிடித்தபடி நின்றேன். ஒன்று. அது நான் போட்டது. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது, நான் போட்டது எனக்குத் தெரியும். அப்படியானால் இலையைத் தவறாமல் போட்ட அத்தனை பெண்களும்? பூ வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாம்? அதற்கப்புறம்தான் அது எனக்கு உறைத்தது. அப்படியானால் அத்தை? கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மாமனார் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுவாரோ என்று பயந்தேன். அவர் எழுந்து, தட்டிலிருந்த சம்பங்கி மாலையை எடுத்தார்.

"ஊரே வாயில ஒண்ணு வச்சு, மனசுல ஒண்ணு வச்சிருந்திருக்கு" என்றார். "ஒருத்தி மட்டும் அப்படி இல்ல. இந்தக் கையால தாலி கட்டினவ." என்னைப் பார்த்து, "உங்க அத்தையக் கூப்பிடும்மா" என்றார்.

நான் போகவில்லை. போக முடியவில்லை. மாமியாரே உள்ளேயிருந்து வந்தார். சமையலறையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு நடுவே வந்து நின்றார். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அங்கே நின்று பார்த்ததில்லை. மாமனார் மாலையோடு அவரை நெருங்கினார். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அந்த ஓட்டு என்னுது இல்லீங்க."

மாமனாருக்குப் புரியவில்லை. "என்னது?"

"என்னுது இல்லைன்னேன். நான் வக்கீலுக்குப் போட்டேன்."

யாரோ ஒருவர் "அடப்பாவமே" என்று முனகினார். மாமனாரின் தம்பி எழுந்தே விட்டார். "அண்ணி, என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார்.

"தெரியும். யாருக்குப் போட்டேன்னு சொல்ல வேண்டாம்னு சட்டம் இருக்காம். மருமக சொன்னா. ஆனா நான் போடாத ஓட்டுக்கு எனக்கு மாலை போடறாரு. அதை எப்படி வாங்கிக்கிறது?"

மாமனாரின் குரல் அப்போதும் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"எனக்கு ஒண்ணும் வைக்கல." மாமியார் மூச்சை இழுத்துக்கொண்டார். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன கோடையில, நம்ம கொட்டகையில வேலை செய்யறாளே, அவ வந்து ஒரு படி ராகி கேட்டா. மழை பேஞ்சு கூலி கெடைச்சதும் தந்துடறேன்னா. நாளைக்கு வாடின்னு சொன்னேன். உங்ககிட்ட வந்து குழியத் தெறங்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

எங்கள் பக்கத்தில் ராகியைப் பூமிக்குள் குழி வெட்டி அதில் கொட்டி வைப்பார்கள். மேலே கல் வைத்துச் சாணி பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. எங்கள் களத்தில் இரண்டு குழி இருந்தன. நான் அவற்றின் மேல் நடந்திருக்கிறேன், அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறேன்.

"தெறக்க முடியாது, சர்க்கார்ல கணக்கு கேப்பாங்கன்னீங்க. மறுநாள் வண்டி கட்டி ஒரு குழி ராகியும் எல்லையத் தாண்டி மைசூர்ப் பக்கம் போச்சு. சர்க்கார் தடை போட்டிருக்கிற சரக்கு. மணியக்காரர் வண்டியை யாரு நிறுத்துவாங்க? அவ வந்து கேட்டப்ப இல்லடின்னு சொன்னேன். வண்டித் தடம் அவ கண்ணு முன்னாலேயே கெடக்குது, நான் இல்லைங்கறேன். காட்டுல எதோ கிழங்கைத் தோண்டி அவிச்சுக் கொடுத்திருக்கா. பொண்ணு வயித்தால போயிப் போயிச் செத்துப்போச்சு. நாலு வயசு. அவ மூணாம் நாள் வேலைக்கு வந்தா. என்னை ஒரு வார்த்த கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. மாமனார் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு நாற்காலி மேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். விருந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் சாப்பிடவில்லை.

கொட்டகைப் பெண் சாயங்காலம் வழக்கம் போலப் பால் கறக்க வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கூடவே மனசுக்குள் ஒரு ஆத்திரமும் இருந்தது, நான் சொல்லிக்கொடுத்த வித்தையை எனக்கு எதிராகவே திருப்பிவிட்டார்களே என்று. கேட்டுவிட்டேன்.

"அந்த வக்கீல் யாருன்னாவது உங்களுக்குத் தெரியுமா? மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு எல்லாரும் அவருக்குப் போட்டீங்க?"

அவள் மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "தெரியாதவருதான். தெரியாதவரு இதுவரைக்கும் எங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணலியேம்மா."

மாமனார் அன்றிலிருந்து தோட்டத்துக் கொட்டாயிலேயே இருந்துகொண்டார். யார் கூப்பிட்டும் வீட்டுக்கு வரவில்லை. சாப்பாடு நான்தான் கொண்டுபோவேன். பேப்பர் வாசிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். ஒரு நாள் களியைப் பிசைந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஒண்ணு உன்னுதாம்மா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நீ ஊருக்குப் புதுசு" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார். அன்றைக்கு நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குப் பேப்பர் கொடுத்து மகளைப் போல நடத்தியவரும், வண்டி கட்டி ராகியை அனுப்பியவரும் ஒரே ஆள் என்பதை என் மனசு ஏற்கவே இல்லை.

அந்த வருஷம் கோடை முந்தினதைவிட மோசமாக இருந்தது. ஏரியில் மாடு நடக்கும் அளவுக்குச் சேறு வெடித்துக் கிடந்தது. சர்க்கார் ஆங்காங்கே கஞ்சித் தொட்டி திறந்தது, எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் காலையில் மாமியார் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "மீதி இருக்கிற குழி மேல கல்லை எடுக்கச் சொல்லு" என்றார். அவர் தயங்கினார். "அப்பாகிட்ட ஒரு வார்த்த…" என்று இழுத்தார்.

"நான் சொல்றேன், எடு."

காலனிக்குச் சேதி போயிற்று. ஆட்கள் கூடையோடும் முறத்தோடும் வந்தார்கள். ஆனால் களத்துக்குள் நுழையாமல் வேலியோரமாகவே நின்றார்கள், நம்பிக்கை இல்லாமல். கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டினார்கள். குழியின் வாய் ஓர் ஆள் இறங்குமளவுக்குத்தான் இருந்தது, உள்ளே ஒரே இருட்டு. கொட்டகைப் பெண்ணின் புருஷன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டான்.

"நிறுத்துடா!"

மாமனார். தோட்டத்திலிருந்து ஓடி வந்திருக்கிறார். மேல்துண்டு இல்லை, மூச்சு வாங்கியது. அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. வேலியோரம் நின்ற கூட்டம் அப்படியே பின்வாங்கியது. ஒருத்தி கூடையைக் கீழே போட்டுவிட்டாள். மாமியார் குழிக்கு முன்னால் வந்து நின்றார். "என்னை மீறி மூடுங்க, பாக்கலாம்" என்றார். இன்றைக்கு இந்தக் களத்தில் எதுவோ நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

மாமனார் அவரைத் தாண்டி வந்து அந்த ஆளின் தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"ரெண்டு வருஷமா மூடிக் கெடந்த குழிடா. உள்ள விஷக்காத்து நிக்கும். எறங்கினவன் மேல வரமாட்டான். யாராவது விளக்கை எறக்கிப் பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. குழி திறக்கும்போதெல்லாம் அவர்தான் பக்கத்தில் நின்று செய்வாராம். மற்ற யாருக்கும் நினைவே வரவில்லை. நான் ஓடிப்போய் லாந்தரைக் கொண்டுவந்தேன். அவரே அதை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஆள் உயரம்கூட இறங்கவில்லை, சுடர் சுருங்கி அணைந்து போயிற்று.

விளிம்பில் உட்கார்ந்திருந்த ஆள் அந்த அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளை இழந்த வீட்டில் அன்றைக்கு இன்னொரு சாவும் விழுந்திருக்கும், அதுவும் எங்கள் ராகிக் குழியால். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமனார் வேப்பந்தழையை ஒடித்து வரச் சொன்னார். கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டி ஆட்டிக் காற்றை மாற்றினார்கள். வெயில் ஏறும் வரை காத்திருந்து மறுபடி விளக்கை இறக்கினார். இந்த முறை அது அடிவரை எரிந்தது. "இப்ப எறங்கு" என்றார்.

மாமியார் படியை எடுத்து அளந்து போட ஆரம்பித்தார். மாமனார் குழி பக்கத்திலேயே, கயிற்றைப் பிடித்தபடி, கடைசிக் கூடை மேலே வரும் வரை நின்றார். கொட்டகைப் பெண் தன் முறை வந்தபோது முறத்தை நீட்டினாள். அவளுக்கும் மாமியாருக்கும் நடுவே ஒரு வார்த்தைகூட இல்லை. ராகி விழும் சத்தம் மட்டும் கேட்டது. ராகி கொஞ்சம் கீழே சிந்தியது. இருவரும் குனிந்து அதைப் பொறுக்கினார்கள்.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டில் சாப்பிட்டார். மாமியார் பரிமாறினார். அவர்கள் பழையபடி பேசிக்கொள்ளச் சில வருஷங்கள் ஆயின. முழுக்கப் பழையபடி ஆனது என்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் ராஜ்யங்களைப் பாஷை வாரியாகப் பிரித்தார்கள். ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று சந்தையெல்லாம் அதே பேச்சாக இருந்தது. மைசூரோடு சேர வேண்டும் என்றார்கள் சிலர், ஆந்திராவோடு என்றார்கள் சிலர், இங்கேயே இருக்கட்டும் என்றார்கள் மற்றவர்கள். எங்கள் வீட்டில் அந்த மூன்றுக்கும் ஆள் இருந்தார்கள். கடைசியில் தாலுகா மெட்ராஸ் ராஜ்யத்திலேயே இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு காரில் நான்கைந்து பெரிய மனிதர்கள் வந்து, தெலுங்கு, கன்னட ஓட்டையெல்லாம் சேர்த்துத் தருகிறோம், நீங்கள் நில்லுங்கள் என்று மாமனாரைக் கேட்டார்கள்.

"போன தடவை என் சொந்த ஊருல எனக்கு என்ன கெடச்சுதுன்னு தெரியுமா?" என்றார் அவர்.

"அது அப்ப. இப்ப பாஷை விஷயம், மணியக்காரரே. ஜனங்க வேற மாதிரி நெனப்பாங்க."

"ஊரு அதே ஊருதான்" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த முறையும் வக்கீல்தான் நின்றார். ஜெயித்துப் போன ஐந்து வருஷத்தில் அவர் எங்கள் ஊருக்கு ஒரு தடவைகூட வரவில்லை. கோடையில் கஞ்சித் தொட்டி கேட்டு ஜனங்கள் கிருஷ்ணகிரிக்கு நடந்து போனபோது, வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பினாராம். ஓட்டுக்கு முந்தின வாரம் கார் வந்தது. இந்த முறை அவர் இறங்கி, காலனிக்குள் நடந்து போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கும்பிட்டார். "உங்களுக்கு இல்லாம யாருக்கு சாமி?" என்று அவர்கள் அவரிடமும் சொன்னார்கள்.

அதைக் கேட்டுக்கொண்டு நான் காலனி முனையில் நின்றேன். அவருக்காகக் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

எண்ணிக்கையன்று எங்கள் ஊர்ப் பெட்டிகளில் வக்கீலுக்கு விழுந்தது சொற்பம்தான். தொகுதியில் ஜெயித்தது வேறொருவர். சேதி கேட்ட மாமனார், அந்தப் புது ஆளை எப்போது போய்ப் பார்த்து ஏரிக்கரையைப் பலப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம் என்று என் வீட்டுக்காரரிடம் விசாரித்தார். காலனியிலிருந்தும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஒருவன் கொட்டகைப் பெண்ணின் புருஷன். என் வீட்டுக்காரரும் அவர்கள் இருவரும் மறுவாரம் காலை பஸ்ஸில் போனார்கள். ஏரிக்கரை வேலை அதற்கடுத்த வருஷம் தொடங்கியது.